ஈட்டித் துப்பாக்கிக்கு நரம்பு கட்டுவது எப்படி?

மூச்சடக்கி முக்குளித்து மீன் பிடிக்கப் பழகுபவர்கள் ஈட்டித் துப்பாக்கி வாங்கும்போது ரப்பரின் வலுவையும் ஈட்டியின் கூர்மையையும்தான் பார்க்கிறார்கள். ஆனால் எய்த ஈட்டியையும் அதில் தைத்த மீனையும் நம் கைக்குத் திரும்பக் கொண்டுவருவது, ஈட்டியைத் துப்பாக்கியோடு இணைக்கும் நரம்பு. அது தளர்ந்தால் சிக்கும். கூரான விளிம்பில் உரசினால் அறுந்துபோகும். கீழே சொல்லும் வேலைகள் எல்லாமே இந்த இரண்டையும் தடுப்பதற்குத்தான்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது ரப்பரால் இயங்கும் 90 செ.மீ. துப்பாக்கி. முகப்பு மூடிய வளையமாக இருக்கும். அதன் வழியாக ஈட்டி வெளியே போகும்.

தேவையானவை

1.6 முதல் 1.8 மி.மீ. தடிமனுள்ள தங்கூஸ் நரம்பு 6 மீட்டர், அந்தத் தடிமனுக்குப் பொருந்தும் இரட்டைத் துளைக் கிரிம்புகள் (நரம்பை நசுக்கிப் பிடிக்கும் சிறு உலோகக் குழல்கள்), கிரிம்ப் அழுத்தும் குறடு, லைட்டர், எமரித் தாள், முகப்பில் மாட்டுவதற்கு ஒரு பங்ஜி ரப்பர் கயிறு. கடைக்காரர் டைனீமா கயிற்றைக் காட்டலாம். மெல்லியது, வலுவானது என்பது உண்மைதான். ஆனால் பாறையில் உரசினால் சீக்கிரம் வெட்டுப்படும், தளர்ந்தால் எளிதில் முடிச்சு விழும். புதியவர்களுக்குத் தங்கூஸ்தான் நல்லது என்பேன்.

சுருளிலிருந்து எடுத்த நரம்பு வளைந்தே நிற்கும். சுடுநீரில் சிறிது நேரம் போட்டு எடுத்து, இரு முனையையும் பிடித்து இழுத்தால் நேராகிவிடும்.

ஈட்டியில் இணைப்பது

அவசரப்படக் கூடாத இடம் இது. ஈட்டியின் வால் பக்கத்தில் நரம்புக்கென்று ஒரு துளை இருக்கும். அதன் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு தட்டுப்பட்டால் எமரித் தாளைச் சுருட்டித் துளைக்குள் விட்டுத் தேய்த்து மழுங்க வையுங்கள்.

கிரிம்பின் ஒரு துளையில் நரம்பை விட்டு, ஈட்டியின் துளையில் கோத்து, கிரிம்பின் அடுத்த துளை வழியாகத் திரும்ப வெளியே எடுங்கள். வெளியே வந்த முனையை லைட்டர் சுடருக்குப் பக்கத்தில் காட்டினால் உருகி, சிறு மணிபோலத் திரளும். அது ஆறியதும் நரம்பைப் பின்னுக்கு இழுத்து, மணி கிரிம்பில் வந்து முட்டும்படி வையுங்கள். ஈட்டியைச் சுற்றியுள்ள கண்ணி சிறியதாக இருக்கட்டும். முகப்பு வளையத்தைத் தடையில்லாமல் கடக்க வேண்டியது அது.

இனி குறடு. கிரிம்பின் நடுப்பகுதியை மட்டும் அழுத்துங்கள். இரு ஓரங்களிலும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு அழுத்தாமல் விட்டுவிடுங்கள். ஓரத்தையும் சேர்த்து நசுக்கினால், உலோக விளிம்பே கத்தியாகி நரம்பை வெட்டிவிடும். பெரிய மீன் இழுக்கும்போது நரம்பு அறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அழுத்தி முடித்ததும் ஈட்டியைக் காலால் மிதித்துக்கொண்டு, நரம்பைத் துணியில் சுற்றி முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். இம்மியளவு நழுவினாலும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

சுற்றுவது

ஈட்டியைத் துப்பாக்கியில் பொருத்துங்கள்; ரப்பரை இழுத்து மாட்ட வேண்டாம். கைப்பிடிக்கு அருகே, விசையோடு சேர்ந்து அசையும் சிறிய கொக்கி ஒன்று இருக்கும். விசையை அழுத்தினால் அது நரம்பை விட்டுவிடும்.

நரம்பு ஈட்டியை ஒட்டியே முன்னே போய், முகப்பு வளையத்தின் உள்ளே நுழைந்து வெளியே வரட்டும். அங்கிருந்து துப்பாக்கியின் அடிப்பக்கமாகப் பின்னே கொண்டுவந்து கொக்கியில் மாட்டுங்கள். மீண்டும் முகப்புக்குக் கொண்டுபோய் அங்குள்ள பள்ளத்தில் வளைத்துத் திருப்பி, மறுபடி கொக்கிக்கு, மறுபடி முகப்புக்கு. இது இரண்டு சுற்று. கொக்கி எந்தப் பக்கம் இருக்கிறதோ, எல்லாச் சுற்றும் அந்தப் பக்கமாகவே போக வேண்டும். ரப்பருக்கு மேலாக நரம்பு போகக் கூடாது; அப்படிப் போகவில்லையே என்று இருமுறை பாருங்கள். முகப்பு திறந்த வகைத் துப்பாக்கி என்றால், அங்கே நரம்பை ஈட்டியின் மேல் குறுக்காகக் கொண்டுவந்து இறக்க வேண்டும். ஈட்டியை அமுக்கிப் பிடித்திருப்பதே அந்த நரம்புதான்.

90 செ.மீ. துப்பாக்கிக்கு இப்படி ஏறக்குறைய நாலரை மீட்டர் செலவாகும். ஆனால் கணக்கை நம்பி வெட்டாதீர்கள். சுற்றிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். முகப்பில் மாட்டிய பங்ஜியில் நரம்பின் முனையைக் கோத்து, அதே முறையில் கிரிம்ப் போடுங்கள். கடைசிச் சுற்றைக் கொக்கியில் மாட்டும்போது பங்ஜி இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீள வேண்டும். நீளவே இல்லையென்றால் நரம்பு தொங்கும். அளவுக்கு மீறி நீண்டால் கொக்கி இறுகி, விசை கடினமாகிவிடும். மீன் திமிறும்போது அதிர்ச்சியைத் தாங்குவதும் இந்தப் பங்ஜிதான். அது இல்லாவிட்டால் மீனின் சதை கிழிந்து ஈட்டி கழன்றுவிடலாம்.

சோதனை

ரப்பர் மாட்டாத நிலையிலேயே விசையை அழுத்துங்கள். கொக்கி உடனே நரம்பை விட வேண்டும். பிறகு ஈட்டியைக் கையால் முன்னே உருவுங்கள். வால்வரை எங்கும் தட்டாமல் வெளியே வந்தால் சரி. தட்டினால், பெரும்பாலும் கண்ணி பெரிதாகவோ கிரிம்ப் பருமனாகவோ இருக்கும்.

ரப்பரைத் தண்ணீருக்குள் இறங்கிய பிறகுதான் இழுத்து மாட்ட வேண்டும். கரையிலோ படகிலோ ஒருபோதும் கூடாது. பிரான்ஸிலும் இத்தாலியிலும் நீருக்கு வெளியே துப்பாக்கியைத் தயார் நிலையில் வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். உங்கள் பகுதியில் இந்த வகை வேட்டைக்கு அனுமதி உண்டா என்பதையும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். இடுப்பிலோ கையிலோ ஒரு கத்தி இருக்கட்டும். நரம்பு உங்கள் காலைச் சுற்றினால் அதை அறுப்பதற்கு வேறு வழி கிடையாது.

ஒவ்வொரு முறை கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு, நரம்பு முழுவதையும் கட்டைவிரல் நகத்தால் தடவிக்கொண்டே வாருங்கள். ஈட்டியின் வாலுக்கு அருகே உள்ள ஒரு சாண் தூரத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே நகத்தில் ஒரு கீறல் தட்டினாலும் நரம்பு முழுவதையும் மாற்றிவிடுங்கள்.