லாக்டிக் அமில பாக்டீரியா: வளர்ப்பது எப்படி, அமிலத்தை அளப்பது எப்படி?

சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றும் நுண்ணுயிர்கள்தான் லாக்டிக் அமில பாக்டீரியா. சர்க்கரை மட்டும் கொடுத்தால் இவை வளராது. அமினோ அமிலங்களையும் பி வகை வைட்டமின்களையும் நாம்தான் ஊட்ட வேண்டும். 1960-இல் டி மான், ரோகோசா, ஷார்ப் மூவரும் வகுத்த, அவர்கள் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்ட எம்ஆர்எஸ் ஊடகத்தில் (வளர்ப்புத் திரவத்தில்) இவை எல்லாம் இருக்கின்றன. குளுக்கோஸ் லிட்டருக்கு 20 கிராம்.

முதலில் ஊடகம். ரெடிமேட் பொடியை டப்பாவில் சொன்ன அளவில் கரைத்து, குழாய்க்கு 10 மி.லி. ஊற்றி, 121° செல்சியஸில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்யுங்கள் (அழுத்த நீராவியில் கிருமி நீக்குங்கள்). நேரம் கூடினால் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து ஊடகம் கருத்துவிடும். கருத்ததைக் கொட்டிவிடுங்கள், அதில் வளர்ச்சி மந்தமாகும்.

ஆறியதும், முந்தின இரவு வளர்த்த கல்ச்சரிலிருந்து (பாக்டீரியா வளர்ந்த ஊடகத்திலிருந்து) 0.1 மி.லி. எடுத்து ஒவ்வொரு குழாயிலும் சேருங்கள். ஒரு குழாயில் மட்டும் எதுவும் சேர்க்காமல் விடுங்கள். கடைசிக் கணக்குக்கு அது கட்டாயம் வேண்டும். இனத்தைப் பொறுத்து 30° அல்லது 37°-இல் வையுங்கள். குலுக்க வேண்டாம், இவற்றுக்குக் காற்று தேவையில்லை.

குழாய் கலங்கியதும் வேலை முடிந்ததென்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கலங்கல் செல் பெருகியதைத்தான் காட்டும், சர்க்கரை எவ்வளவு அமிலமானது என்பதைக் காட்டாது. அதனால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பிஎச் பாருங்கள் (இந்த எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்). 6.2 அளவில் தொடங்கி, கொஞ்ச நேரம் அசையாமல் நின்று, பிறகு சரசரவென்று இறங்கும். 4-ஐ நெருங்கும்போது வளர்ச்சி தளர்ந்துவிடும். சர்க்கரை தீர்ந்துவிட்டதென்று எண்ண வேண்டாம். பிஎச் குறையக் குறைய, அயனியாகாத லாக்டிக் அமிலம் கூடுகிறது. அது செல்லுக்குள் நுழைந்து அங்கே புரோட்டானை விடுகிறது. அதை வெளியேற்றுவதிலேயே செல்லின் ஆற்றல் கரைகிறது.

மறுநாள் டைட்ரேஷன், அதாவது காரம் விட்டு அமிலத்தை அளப்பது. 10 மி.லி. கல்ச்சருடன் 40 மி.லி. வடிநீரும், காரத்தில் நிறம் மாறும் பினால்ப்தலீன் சில சொட்டும் சேருங்கள், நீர்க்காவிட்டால் ஊடகத்தின் பழுப்பு நிறத்தில் அதன் இளஞ்சிவப்பு தெரியாது. 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடை, இளஞ்சிவப்பு 30 விநாடி நிற்கும்வரை சொட்டுச் சொட்டாக விடுங்கள். எதுவும் சேர்க்காத குழாயையும் இதேபோல் செய்து, அந்த அளவைக் கழியுங்கள். மிச்சமுள்ள ஒவ்வொரு மி.லி.க்கும் 9 மில்லிகிராம் லாக்டிக் அமிலம். 15 மி.லி. மிஞ்சினால் 135 மில்லிகிராம், அதாவது லிட்டருக்கு 13.5 கிராம்.

ஒரு குளுக்கோஸிலிருந்து இரண்டு லாக்டிக் அமிலம் தரும் இனத்தில் உச்சம் லிட்டருக்கு 20 கிராம்தான். லியூகோனோஸ்டாக் போன்றவை பாதியை எத்தனாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் விடுகின்றன. ஊடகத்துக்குள் டர்ஹாம் குழாய் என்னும் சிறு குழாயைக் கவிழ்த்து வைத்தால் அதில் இந்த வாயுவின் குமிழி சேரும். எம்ஆர்எஸ்ஸில் சிட்ரேட் என்னும் உப்பும் உண்டு; இந்தச் சோதனைக்கு மட்டும் அது இல்லாத ஊடகம் எடுங்கள், ஏனெனில் சில இனங்கள் சிட்ரேட்டிலிருந்தும் வாயு விடும்.