"புரிந்ததா?" என்று கேட்காதீர்கள்

உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் ஆறாம் வகுப்பில் இரு காதிலும் ஹியரிங் எய்டு மாட்டிய பையன் ஒருவன் சேர்ந்தான். "புரிந்ததா?" என்று கேட்கும்போதெல்லாம் தலையாட்டுவான். நானும் நம்பினேன். ஒருநாள் சொல்வதெழுதுதலில் 'பணம்' என்றேன், 'மணம்' என்று எழுதியிருந்தான். 'படி' 'மடி' ஆகியிருந்தது. தவறு என்னுடையது.

பகரமும் மகரமும் இதழ் சேர்ந்து பிறப்பவை என்று இலக்கண வகுப்பில் நாமே நடத்துகிறோம். காது சரியாகக் கேட்காத பிள்ளை உதட்டை மட்டும் பார்த்து அவற்றை எப்படிப் பிரிக்கும்? ககரம் வாய்க்குள்ளேயே பிறந்துவிடும், வெளியே தெரியாது. அதனால் புதுச் சொல்லை முதலில் பலகையில் எழுதுங்கள். தனிச் சொல்லாகச் சொல்லாமல் "உண்டியலில் பணம் போட்டான்" என்று வாக்கியமாகச் சொன்னால் பிள்ளைக்கு ஊகிக்க வழி கிடைக்கும். பிடிபடவில்லையா, வேறு வார்த்தையில் சொல்லுங்கள். கத்த வேண்டாம், கத்தினால் வாயசைவு மாறும், கருவியிலும் சத்தம் சிதறும். "புரிந்ததா?" என்பதற்குப் பதில், "நான் என்ன சொன்னேன், நீ சொல்லு" என்று கேளுங்கள்.

பலகையைப் பார்த்தபடி பேசாதீர்கள். ஜன்னலுக்கு முன்னால் நின்றால் நம் முகம் இருட்டடிக்கும். இரண்டாம் வரிசையில் ஓரமாக உட்கார வைத்தால் ஆசிரியரையும் பார்க்கலாம், திரும்பி மற்ற பிள்ளைகளையும் பார்க்கலாம். கடகடக்கும் மின்விசிறிக்குக் கீழே மட்டும் வேண்டாம், கருவி அதையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும்.

கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கக் காலையில் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்று சொல்லுங்கள். அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். வழக்கமாகக் கேட்கும் ஒலி விட்டுப்போனால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். மதுரை வெயிலில் வியர்வை கருவிக்குள் இறங்கும். இரவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கச் சொல்லி அவன் அம்மாவிடம் சொன்னேன், பழுது குறைந்தது.

பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்தில், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியரிடம் பேசுங்கள். சைகை மொழி தேவைப்படும் பிள்ளைக்கு உதட்டசைவு போதும் என்று விட்டுவிடாதீர்கள். பொருத்தமான மொழியிலும் முறையிலும் கற்பிக்க வேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது.

அப்புறம், குழு வேலை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் அவனுக்கு யார் பேசுகிறார்கள் என்றே தெரியாது. எங்கள் வகுப்பில் பேசப்போகிறவர் கை தூக்கிவிட்டு, அவன் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருப்பார். இதைத் தொடங்கி வைத்தது நான் அல்ல, அவன் பக்கத்தில் உட்காரும் சிறுமி.