ஏழு இணைப்பும் ஒரே கை எழுதியது

அம்மா பல வருடங்களாக முழங்காலில் தேய்த்துவரும், பாளையங்கோட்டைக் கடைகளில் கிடைக்கும் தைலம் அது. அதற்கு விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுத ஆசைப்பட்டு அமர்ந்தேன். சான்று தேடியதில் 12 இணைய இணைப்புகள் கிடைத்தன. அச்செடுத்து அடுத்தடுத்து விரித்தபோதுதான் கவனித்தேன்: ‘ஒரே வாரத்தில் நிவாரனம்’ என்ற வரி, அந்த எழுத்துப்பிழையோடு, ஏழிலும் அப்படியே இருந்தது. விற்பவர் கொடுத்த அறிக்கை! மீதி ஐந்தும் விலைப்பட்டியல்.

விற்பவரோடு தொடர்பில்லாதவர்கள் அதைப் பற்றி விரிவாக எழுதியிருந்தால்தான் தனிக்கட்டுரைக்கு இடம் உண்டு. நோய் தீரும் என்று சொல்வதற்கோ இன்னும் கடுமையான சான்று வேண்டும். பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட கட்டுரைகள் போன்றவற்றையே நம்பலாம். வலியோடு படிப்பவரை ஏமாற்றக் கூடாதே.

வரைவை அழித்துவிட்டேன். தைலத்தில் சேரும் நொச்சியைப் பற்றிய கட்டுரையை இப்போது நூல்களைப் பார்த்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.