மாட்டுக் கணக்கில் ஒட்டகத்தை அளக்காதீர்கள்

போன வாரம் சாயங்காலம் நாலரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு தெர்மாமீட்டர் படம் வந்தது. 40.4 டிகிரி செல்சியஸ். கீழே, "சார், பெண் ஒட்டகம், காய்ச்சல். எந்த ஆன்டிபயாட்டிக் போடட்டும்?" அனுப்பியவர் கால்நடை மருத்துவம் முடித்த கையோடு ராஜஸ்தானில் பார்மேர் பக்கம் வேலைக்குப் போன தம்பி. "கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தது?" என்று கேட்டேன். வெகுநேரம் பதில் இல்லை. அவர் அதைக் கேட்கவே இல்லை என்று புரிந்தது. நானும் கேட்காமல் விட்டவன்தான்.

பீக்கானேர், ஜெய்சல்மேர் மாவட்டங்களில் ஒட்டகம் பார்க்கத் தொடங்கிப் பல வருஷம் ஆகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி என் பழைய தவறுகளே. திமிலில் இருப்பது தண்ணீர் அல்ல, கொழுப்பு என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். பின்னங்காலுக்கு நேரே நிற்கக் கூடாது என்பதை ஒட்டகமே முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

ஒரே ஒரு முறை வெப்பநிலை பார்த்துவிட்டு ஊசியை எடுப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

ஒரு மே மாதம், பலோடிக்கு மேற்கே ஒட்டகம் வளர்க்கும் ராய்க்கா சமூகத்துக் குடும்பம் ஒன்றின் பட்டி. கன்று ஈன்று மூன்று மாதமான ஒட்டகம் வெயிலிலேயே உட்கார்ந்திருந்தது. கண் குழி விழுந்திருந்தது. மூன்றரை மணிக்கு மலக்குடலில் தெர்மாமீட்டர் வைத்தேன். 40.7. கல்லூரியில் மாட்டைப் பார்த்துப் பழகிய கை. மாட்டுக்கு 40.7 என்றால் காய்ச்சல்தான், யாரும் யோசிக்க மாட்டார்கள். ஆன்டிபயாட்டிக் போட்டேன், காய்ச்சல் குறைய இன்னோர் ஊசி போட்டேன். மூன்று நாள் தொடர வேண்டும், அதுவரையும் அதற்குப் பிறகும் சில நாள் பாலைக் கீழே ஊற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாம் நாள் மாலை போய்ப் பார்த்தால் அதே சூடு. மருந்தை மாற்றினேன்.

வீட்டுப் பெரியவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "டாக்டர் சாப், ஒருமுறை விடியுமுன்னே வந்து பாருங்களேன்" என்றார். மறுநாள் ஐந்தரை மணிக்குப் போனேன். 35.1. கை நடுங்கிவிட்டது. வெப்பநிலை இப்படி விழுந்தால் மாடு சாகப்போகிறது என்று அர்த்தம். குளுக்கோஸ் பாட்டிலைத் தேடி ஜீப்புக்கு ஓடினேன். பெரியவர் சிரிக்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோய் ஆறு நாளாக மந்தைக்குத் தண்ணீர் இல்லை என்று அப்போதுதான் சொன்னார். நான் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

அன்று மத்தியானம் டேங்கர் வந்தது. ஒட்டகம் தொட்டியில் வாயை வைத்தது. தலை நிமிரும்போது தொட்டியில் பாதி இல்லை. அடுத்த நாள் காலை 36.6, மாலை 38. நோயே கிடையாது. ஐந்து நாள் பால் மண்ணில் போனதும், மருந்துக் காசும், நான் கொடுத்த கலவரமும்தான் மிச்சம்.

நடந்தது என்ன? நமக்கு உடம்பு சூடானால் வியர்த்துத் தணிக்கிறோம், அதாவது தண்ணீரைச் செலவழிக்கிறோம். தாகத்தில் இருக்கும் ஒட்டகம் அந்தச் செலவைத் தள்ளிப்போடுகிறது. பகல் முழுக்கச் சூட்டை உடம்பிலேயே ஏற்றிக்கொண்டே போய், ராத்திரி வானம் தெளிந்து மணல் குளிர்ந்த பிறகு சும்மா வெளியே விட்டுவிடுகிறது. ஒரு சொட்டுச் செலவில்லை. விலங்குகளின் உடலியலை ஆராய்ந்த க்னூட் ஷ்மித்-நீல்சன் 1953-54இல் அல்ஜீரியச் சகாராவில் பெனி அப்பேஸ் சோலையில் தங்கி இதை அளந்தார். தண்ணீர் கிடைக்கும் ஒட்டகத்தின் வெப்பநிலை ஒரு நாளில் 2 டிகிரி அளவுதான் ஏறி இறங்கும். கிடைக்காவிட்டால் விடிகாலை 34, மாலை 40க்கு மேல் என்று 6 டிகிரிக்கும் மேலே ஊசலாடும். 500 கிலோ ஒட்டகம் 6 டிகிரி சூட்டைத் தாங்கிக்கொண்டால், வியர்வையில் போயிருக்க வேண்டிய தண்ணீர் கிட்டத்தட்ட 5 லிட்டர் மிச்சம். உடம்பு சூடாக இருப்பதால் வெளிக்காற்றிலிருந்து உள்ளே ஏறும் சூடும் குறைகிறது. நான் காய்ச்சல் என்று நினைத்தது, ஒட்டகம் தண்ணீரைச் சிக்கனம் பிடித்த வேலை. அதைக் குறைக்கத்தான் நான் ஊசி போட்டேன்! நீர் வற்றிய உடம்பில் அந்த வகை மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும் என்பது வேறு. ஒன்றும் ஆகவில்லை, பிழைத்தேன்.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அடுத்த வருஷம் நான் கெட்டிக்காரன் ஆகிவிட்டேன். மழைக்காலம் முடிந்த செப்டம்பர், எங்கும் பச்சை, குளம் குட்டையில் தண்ணீர். வேறொருவர் மந்தையில் ஓர் ஒட்டகம் இளைத்திருந்தது. மாலையில் பார்த்தால் 40.2. "ஒட்டகத்துக்கு இது சகஜம்" என்று அவருக்கே பாடம் எடுத்துவிட்டு வந்தேன். தண்ணீரும் பச்சைத் தழையும் தாராளமாகக் கிடைக்கும் ஒட்டகத்துக்கு 40.2 சகஜமே இல்லை. அது சுர்ரா என்ற நோய். காரணம், மாட்டு ஈ பரப்பும் ட்ரிப்பனோசோமா என்ற ரத்த ஒட்டுண்ணி. காய்ச்சல் விட்டு விட்டு வரும். ராஜஸ்தானில் திபர்சா என்பார்கள், மூன்று வருஷம் இழுத்தடிக்கும் நோய் என்ற பொருளில். 1880இலேயே கிரிஃபித் எவன்ஸ் பஞ்சாபில் குதிரை, ஒட்டக ரத்தத்தில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். எனக்கு ஒரு துளி ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கத் தோன்றவில்லை. அந்த மந்தையில் இரண்டு ஒட்டகம் கரு கலைந்தது, ஒன்று செத்தது. முதல் கதையில் போனது காசு. இதில் போனதை அவருக்கு நான் எப்படித் திருப்பிக் கொடுப்பேன்?

ஆகவே, தெர்மாமீட்டரை எடுக்கும் முன் "எப்போது குடித்தது, என்ன மேய்ந்தது" என்று கேளுங்கள். சிகிச்சைச் சீட்டில் வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே மணியையும் கடைசியாகத் தண்ணீர் குடித்த நாளையும் எழுதுங்கள். விடியுமுன் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பாருங்கள். தாகமான ஒட்டகத்துக்குக்கூட விடிகாலையில் 39 இருந்தால் அது வெயிலின் மிச்சம் அல்ல, உடனே ரத்தம் எடுங்கள்.

பால் நீர்த்திருந்தால் திருடன் என்பது

ஒரு பால் சேகரிப்பு மையத்தில், கோடையில் ஓர் ஒட்டகக்காரரின் பாலில் கொழுப்பு குறைவு என்று திருப்பி அனுப்பினார்கள். தண்ணீர் கலந்தீரா என்று நாலு பேர் எதிரே கேட்டார்கள். நான் கூடவே நின்றுகொண்டு வாயைத் திறக்கவில்லை. தாகத்தில் இருக்கும் மாடு பாலைக் குறைத்துவிடும். ஒட்டகம் அப்படியில்லை, தான் வற்றினாலும் கன்றுக்குத் தண்ணீரான பாலைக் கொடுக்கும். பாலில் நீர்ச்சத்து 86 சதவீதத்திலிருந்து 91க்கு ஏறி, கொழுப்பு 4 சதவீதத்துக்கு மேலே இருந்தது 1 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்குவதை இஸ்ரேலில் அளந்து காட்டியிருக்கிறார்கள். தண்ணீர் கலந்தது ஒட்டகம்தான். பாலைச் சோதிக்கிறவர் மந்தை கடைசியாக எப்போது குடித்தது என்பதையும் கேட்க வேண்டும்.

"அதற்குத் தண்ணீரே வேண்டாம்"

தாங்கும் என்பது வேறு, வேண்டாம் என்பது வேறு. உடல் எடையில் கால் பங்குக்கு மேல் நீரை இழந்தும் ஒட்டகம் நடக்கும். கடும் வெயிலில் மனிதன் அதில் பாதி இழந்தாலே ரத்தம் கெட்டியாகி, உள்சூட்டைத் தோலுக்குக் கொண்டுவர முடியாமல் போய்ச்சேருவான். ஒட்டகம் ரத்தத்தின் நீரைக் கடைசிவரை காப்பாற்றிக்கொண்டு, திசுக்களிலும் வயிற்றிலும் உள்ளதைச் செலவழிக்கிறது. ஆனால் அது கடன். குடித்துத்தான் அடைக்க வேண்டும். "பாலைவனக் கப்பல்" என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு, மே மாதத்தில் பாரம் இழுக்கும் ஒட்டகத்துக்குத் தண்ணீரைக் குறைக்கிறவர்களை ஒரு நாள் அந்த வண்டியில் பூட்டிப் பார்க்கலாம்.

குடிப்பதை நடுவில் நிறுத்துவது

நிறுத்தாதீர்கள். காய்ந்த கன்றுக்குட்டி மடமடவென்று குடித்தால் ரத்தச் செல்கள் வெடித்துச் சிறுநீர் சிவக்கும் என்று மாட்டுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒட்டகத்தின் சிவப்பணு முட்டை வடிவம். இரண்டு மடங்குக்கு மேல் ஊதினாலும் உடையாது. 10 நிமிஷத்தில் 100 லிட்டர் உள்ளே போகும். பயந்துபோய் நான் ஒருமுறை நகேல் என்கிற மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தேன், சட்டையெல்லாம் கோழை.

மே மாதத்தில் தோல் தெரிய மழிப்பது

ஹோலியை ஒட்டி மயிர் கத்தரிப்பது ஊர் வழக்கம், தப்பில்லை. உச்சக் கோடையில், பார்க்கவே பாவமாக இருக்கிறது என்று முதுகை மொட்டையடிக்கும் கருணைதான் ஆபத்து. முதுகு மயிரின் மேல்பக்கம் வெயிலில் கொதிக்கும்போது அடியில் தோல் 40 டிகிரி அளவில்தான் இருக்கும். சகாராவில் மழித்துப் பார்த்த ஒட்டகம் மற்றதைவிடப் பாதிக்குப் பாதி அதிகமாக வியர்த்தது.

வெயிலில் உட்கார்ந்ததை எழுப்பித் திருப்புவது

சூரியனுக்கு முகம் காட்டி உட்கார்ந்தால் உடம்பில் படும் வெயில் குறைவு. நெஞ்சுக்கட்டை, அதாவது நெஞ்சின் அடியில் இருக்கும் தடித்த காய்ப்பு, வயிற்றைத் தூக்கிப் பிடிப்பதால் அடியில் காற்று போகும். அதற்குத் தெரியும். விடுங்கள்.

நாய் மாதிரி மூச்சிரைக்கும் என்று காத்திருப்பது

இரைக்காது. மூக்கால் மெதுவாகத்தான் மூச்சு விடும். ராத்திரியில் வெளிவிடும் காற்றைக்கூட மூக்குக்குள்ளேயே குளிரவைத்து ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது என்றால் நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது, அப்போது போன் செய்யுங்கள், எந்த நேரமானாலும்.

திமில் சாய்ந்தால் தாகம் என்பது

பசி.

உப்பை மறப்பது

லானா என்கிற உப்புச் செடி இல்லாத இடத்தில் கட்டிப்போட்டால் உப்பை நீங்கள்தான் வைக்க வேண்டும், மாட்டுக்கு வைப்பதைவிடப் பல மடங்கு.

தெர்மாமீட்டரை ஜீப் டேஷ்போர்டில் வைப்பது

பாதரசத் தெர்மாமீட்டர் 43 டிகிரிக்கு மேல் தாங்காது. மே மாதத்தில் மட்டும் இரண்டு உடைத்திருக்கிறேன்.