அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ராவைத் தனியாகப் படிக்கப் புத்தகம் தெரிவு செய்வது எப்படி?

ஹற்றன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் இணைந்த கணிதத்துடன் உயர்தரம் முடித்துவிட்டு, வேலைக்குப் போய்க்கொண்டே அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ராவை, அதாவது குரூப் போன்ற அமைப்புகளின் பொது விதிகளை ஆராயும் கணிதப் பிரிவை, தாமாகப் படிக்க விரும்பும் ஒருவருக்கு முதலில் எழும் கேள்வி, எந்தப் புத்தகம் என்பதே. கடையில் நின்று புரட்டிப் பார்த்து வாங்கும் வாய்ப்பு நமக்கு அரிது. கொழும்பிலிருந்து வரவழைத்த பிறகு பொருந்தவில்லை என்று கண்டால் திருப்பியனுப்புவதும் எளிதன்று. ஆகவே, பணம் கொடுக்கும் முன்பே புத்தகத்தைச் சோதித்துவிட வேண்டும்.

முதல் அத்தியாயத்தை வைத்து எந்தப் புத்தகத்தையும் எடைபோடாதீர்கள். தொடைகள், கணிதத் தொகுத்தறிவு, 12 மணிக் கடிகாரத்தைப் போன்ற மீதிக் கணக்கு என்று அங்கே எல்லாப் புத்தகங்களும் இனிமையாகத்தான் இருக்கும். தனியாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் நின்றுபோகும் இடம் கோசெட், நார்மல் சப்குரூப், கோசெட்டுகளையே உறுப்புகளாகக் கொண்ட கோஷன்ட் குரூப் ஆகிய மூன்றும் வரும் பகுதி; முதலிரண்டையும் கீழே ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். நான் முதலில் எடுத்த தடித்த புத்தகத்தை அங்கேதான் மூடிவைத்தேன். பழி புத்தகத்தின் மேலன்று. பயிற்சிகளைத் தொடாமல் நாவல் வாசிப்பதுபோல் வாசித்துச் சென்ற என் மேல்தான்.

அந்தப் பகுதியைத் திறந்து என்ன பார்ப்பது? மேசையில் 1, 2, 3 எனும் இடங்களில் மூன்று பிளேன்டீக் கோப்பைகளை வையுங்கள். அவற்றை இடம் மாற்றும் வழிகள், ஒன்றும் செய்யாமல் விடுவதையும் சேர்த்து, 6. எந்த இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தாலும் (இதையே பெருக்குதல் என்கிறோம்) இந்த ஆறில் ஒன்றே கிடைக்கும், எதையும் திருப்பிச் சரிசெய்யவும் முடியும்; அதனால் இந்த ஆறும் ஒரு குரூப். இதற்குள், ‘சும்மா இருத்தல்’, ‘1ஆம் 2ஆம் இடங்களை மாற்றுதல்’ என்னும் இரண்டும் தாமே ஒரு சிறு குரூப்பாக அமைவதால் ஒரு சப்குரூப். சப்குரூப்பின் எல்லா உறுப்புகளையும் குரூப்பின் ஏதாவது ஓர் உறுப்போடு பெருக்கிக் கிடைக்கும் கூட்டமே கோசெட்; அந்த உறுப்பு இடப்பக்கம் நின்றால் இடக் கோசெட், வலப்பக்கம் நின்றால் வலக் கோசெட். முதலில் 1ஐயும் 2ஐயும் மாற்றி, அதன்பின் 1ஐயும் 3ஐயும் மாற்றினால், முதலாம் இடத்திலிருந்த கோப்பை இரண்டாம் இடத்தில் நிற்கும். வரிசையைத் திருப்பிச் செய்தால் அதே கோப்பை மூன்றாம் இடத்தில் நிற்கும். அதனால் இந்தச் சப்குரூப்பின் இடக் கோசெட்டும் வலக் கோசெட்டும் ஒத்துப்போவதில்லை. கோசெட்டுகளை ஒன்றோடொன்று பெருக்க முயன்றால், எந்த உறுப்பை எடுத்துப் பெருக்கினோம் என்பதைப் பொறுத்து விடை மாறிவிடும். இடக் கோசெட்டும் வலக் கோசெட்டும் எப்போதும் ஒத்துப்போக வேண்டும் என்னும் நார்மல் நிபந்தனை பிறப்பது இந்தச் சிக்கலிலிருந்துதான். இப்படிக் கணக்கு முறிந்துபோகும் ஓர் எடுத்துக்காட்டையாவது காட்டும் புத்தகம் தனியாகப் படிப்பவருக்கு ஏற்றது. வரைவிலக்கணத்தைச் சொல்லிவிட்டு உடனே தேற்றத்துக்குத் தாவும் புத்தகம், விரிவுரையாளர் பக்கத்தில் இருப்பவருக்கென எழுதப்பட்டது.

பிறகு, ஒரே ஒரு நிறுவலை, லக்ராஞ்சியின் தேற்றத்தின் (முடிவுள்ள குரூப்பின் உறுப்பு எண்ணிக்கையைச் சப்குரூப்பின் எண்ணிக்கை மீதியின்றி வகுக்கும் என்பது) நிறுவல் இதற்குப் போதும், பென்சிலோடு வாசித்துப் புத்தகத்தை மூடிவிட்டுக் கொப்பியில் திரும்ப எழுதிப் பாருங்கள். இரண்டாம் முயற்சியிலும் வரவில்லையென்றால் வேறு புத்தகத்தைப் பாருங்கள். தமிழ் மொழிமூலம் படித்தவர்கள் ஆங்கிலத்தையும் இதே பக்கத்தில் சோதித்துக்கொள்ளலாம்: கலைச்சொற்களுக்கு அகராதி தேடுவது இயல்பு, சாதாரண வசனங்களுக்கே தேட வேண்டியிருந்தால் கணிதத்துக்கு மூச்சு மிஞ்சாது.

இந்தச் சோதனையைத் தொடங்க நான் பரிந்துரைப்பது தோமஸ் ஜட்சனின் (Judson) புத்தகம். அது சுதந்திர உரிமத்தில் வெளியானது என்பதால் பிடிஎஃப்பை இலவசமாகவும் சட்டப்படியும் இறக்கி, கோசெட் வரும் 6ஆம் அத்தியாயத்தையும் நார்மல் சப்குரூப் வரும் 10ஆம் அத்தியாயத்தையும் மட்டும் பக்கத்துக் கொமியூனிகேஷனில் அச்செடுத்துக்கொள்ளலாம். மறைக்குறியாக்கத்துக்கும் பிழைதிருத்தும் குறிமுறைகளுக்கும் தனி அத்தியாயங்கள் உள்ளதால் கணினித் துறையினருக்கும் அது பயன்படும். சார்ல்ஸ் பின்ரரின் (Pinter) புத்தகம் 33 சிறு அத்தியாயங்களாக அமைந்தது. தோட்டத்து வேலை முடிந்து இரவில் ஒரு மணி நேரமே கிடைப்பவருக்கு அந்த அளவு பொருந்தும். ஆனால் விடயத்தின் கணிசமான பகுதியை அவர் பயிற்சிகளுக்குள்ளேயே வைத்திருப்பதால், அவற்றைத் தாண்டிச் செல்பவர் பாதிப் புத்தகத்தை இழப்பார். கலியனின் (Gallian) புத்தகம் எடுத்துக்காட்டுகள் நிறைந்தது. ஆட்டினுடையது (Artin) தாயங்களிலிருந்து தொடங்குவதால் நேரியல் பக்கம் நாட்டமுள்ளவருக்கு நன்று. டமிற், ஃபூட் (Dummit, Foote) இருவரும் எழுதியது 900 பக்கங்களுக்கு மேற்பட்டது, பயிற்சிகளுக்கு விடையும் தராதது. அதை முதற்புத்தகமாக வாங்காதீர்கள், பின்னர் தேடிப்பார்க்கும் நூலாக வைத்துக்கொள்ளுங்கள்.

விடைகள் முற்றாக இல்லாத புத்தகமும் ஆகாது, எல்லா விடையும் உள்ளதும் ஆகாது. தெரிந்தெடுத்த சிலவற்றுக்கு மட்டும் விடையோ குறிப்போ பின்னே இருப்பது நல்லது. ஜட்சனும் பின்ரரும் அப்படித்தான்.

இரண்டு புத்தகங்களைச் சேர்த்துப் படிப்பதாயின் ஓர் எச்சரிக்கை. கோப்பைகளை இடம் மாற்றியதுபோன்ற வரிசைமாற்றங்களைப் பெருக்கும்போது சில புத்தகங்கள் வலமிருந்து இடமாகச் செயற்படுத்தும். ஹெர்ஸ்டைனின் (Herstein) பழைய நூலைப் போன்ற சில இடமிருந்து வலமாகச் செல்லும். மேலே பார்த்த கோப்பைக் கணக்கில் ஒன்றுக்கு 2ஆம் இடமும் மற்றதற்கு 3ஆம் இடமும் விடையாக வரும், இரண்டும் சரியே. கொப்பியின் முதற்பக்கத்தில் நீங்கள் பின்பற்றும் திசையை ஓர் அம்புக்குறியாக வரைந்துவிட்டு, இரண்டாம் புத்தகத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதனோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.