கேள்விக்குறி சொல்லித் தரும்போது செய்யக்கூடாத தவறுகள்

‘மேட்டூர் அணையை எப்போது திறப்பார்கள் என்று தாத்தா கேட்டார்?’

மூன்றாம் வகுப்பு நோட்டில் இப்படி ஒரு வரியைப் பார்த்ததும் பிள்ளையைத் திட்டிவிடாதீர்கள். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் என்று பலகையில் பட்டியல் எழுதி, இதில் ஒன்று வந்தால் கேள்விக்குறி போடு என்று நாம்தானே சொன்னோம்? அது அப்படியே செய்திருக்கிறது.

ஆங்கில வகுப்பிலிருந்து வந்த இந்தப் பட்டியல் தமிழில் இரண்டு பக்கமும் காலை வாரும். யாரோ, எங்கும், எப்போதும், ‘எவ்வளவு மழை பெய்தாலும்’ என்பதில் எல்லாம் கேள்விச் சொல் ஒளிந்திருக்கும், கேள்வி இருக்காது. ‘வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா?’ என்பதிலோ பட்டியலில் உள்ள ஒரு சொல்லும் இல்லை, கடைசியில் ஒட்டிய ஆ மட்டும்தான் கேட்கிறது, பிள்ளைகள் குறியை விட்டுவிடுவதும் இங்கேதான். சரி, ஆ-வில் முடிந்தால் போடு என்று இன்னொரு விதி சொல்லலாமா? வேண்டாம், ‘இவர் என் அப்பா?’ என்று எழுதிக்கொண்டு வந்து நிற்கும்.

அதைவிட, எழுதிய வரியைப் பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லச் சொல்லுங்கள். அவன் பதில் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? ‘மேட்டூர் அணையை எப்போது திறப்பார்கள்?’ என்றால் ‘ஜூன் 12’ என்று டெல்டா பிள்ளை சட்டென்று சொல்லிவிடும். ‘என்று தாத்தா கேட்டார்’ சேர்ந்துவிட்டால் அது வெறும் செய்தி, முற்றுப்புள்ளி போதும். மேற்கோள் குறி படித்த பிறகு, “எப்போது திறப்பார்கள்?” என்று தாத்தா கேட்டார், என எழுதக் காட்டலாம். ஒன்றாம் இரண்டாம் வகுப்பில் இதை இழுக்காதீர்கள்.

குரல் ஏறினால்தான் கேள்வி என்பதும் சரிவராது. ‘எங்க போற’ என்று கேட்கக் குரலை ஏற்ற வேண்டியதே இல்லை. தஞ்சாவூர் சரசுவதி மகாலில் இருக்கிற பழைய ஓலைச்சுவடிகளைப் படித்தவர்கள் இந்தக் குறி இல்லாமலே கேள்வியைப் புரிந்துகொண்டார்கள், ஏனென்றால் தமிழில் கேள்வி சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. குறி ஐரோப்பியரிடமிருந்து அச்சோடு சேர்ந்து பின்னால் வந்தது. அதனால் பிள்ளை அதை மறப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

‘குறுவையா சம்பாவா?’ என்பதற்குக் கடைசியில் ஒரே குறி. வாட்ஸ்அப் பார்த்து மூன்று போடுவதையும், குறிக்குப் பக்கத்தில் முற்றுப்புள்ளி வைப்பதையும் அன்றைக்கே திருத்திவிடுங்கள்.

பெரிய தவறு பயிற்சித் தாளில்தான். பத்து வரியும் கேள்வியாகவே கொடுத்தால் பிள்ளை படிக்காமலே மேலிருந்து கீழே குறி போட்டுக்கொண்டு போய்விடும், நாமும் பத்துக்குப் பத்து போட்டுவிடுவோம். ‘இந்த பஸ் திருவாரூர் போகும்’, ‘இந்த பஸ் திருவாரூர் போகுமா’, ‘இந்த பஸ் எங்கே போகும் என்று கண்டக்டரிடம் கேள்’ என்று குறி இல்லாமல் கலந்து கொடுங்கள். மூன்றாவதில் தடுமாறுகிறவர்களை மட்டும் பக்கத்தில் உட்கார வைத்து இன்னொரு தடவை வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் போதும்.