"சும்மா விசாரிக்கத்தான்" என்று கூட்டிப்போனால் என்ன செய்வது

கடலூர் கலெக்டர் ஆபீஸ் பக்கம் திங்கட்கிழமைகளில் மனு எழுதிக் கொடுக்கிறவன் நான். பட்டா, முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டு, இவைதான் அதிகம். ஆனால் அவ்வப்போது யாராவது எதிரே வந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் வாயே திறக்கமாட்டார்கள். இருளராக இருப்பார்கள், இல்லை குறவர். "மூணு நாளா வீட்டுக்காரர் வரலைங்க, விசாரிக்கணும்னு கூட்டிப் போனாங்க." எந்த ஸ்டேஷன்? தெரியாது. வந்தவர்கள் யார்? மஃப்டி. எத்தனை மணிக்கு? பொழுது விடியவில்லை. இதை வைத்துக்கொண்டு நான் என்ன மனு எழுத?

ஆளைப் பார்த்தே சந்தேகப்படுவது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. நியூயார்க் போலீஸ் 2011இல் மட்டும் 6,85,000 முறைக்கு மேல் தெருவில் ஆட்களை நிறுத்தியிருக்கிறது. அதில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். பத்தில் ஒன்பது பேரைப் போல ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அந்த முறை அரசியலமைப்புக்கு எதிரானது என்று 2013இல் அங்கே தீர்ப்பும் வந்தது. எனக்கு இதில் பெரிதாகப் பட்டது, ஒவ்வொரு முறையும் போலீஸ்காரர் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது என்பதுதான். படிவம் இருந்ததால் எண்ண முடிந்தது, எண்ண முடிந்ததால் வழக்கு நின்றது. இங்கே நிறத்துக்குப் பதில் சாதி, படிவத்துக்குப் பதில் "சும்மா".

சில சமூகத்தினரைப் பிறவியிலேயே குற்றவாளிகள் என்று பட்டியல் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது, 1952இல் ஒழிந்தது. சட்டம் போனாலும் பட்டியல் மட்டும் மண்டையில் தங்கிவிட்டது. எங்காவது நகை போனால் ஜீப் நேராக இவர்கள் குடியிருப்புக்குத்தான் வரும். அப்புறம் நடப்பது கணக்கில் வராது. ஆண்கள் ராத்திரியில் சவுக்குத் தோப்பில் படுப்பார்கள், செங்கல் சூளை மேஸ்திரி "உங்களால நமக்கும் தொந்தரவு" என்று அடுத்த சீசனுக்கு முன்பணம் தரமாட்டார், பள்ளிக்கூடத்தில் பென்சில் தொலைந்தால்கூட அந்தப் பிள்ளையின் பையைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஒருத்தரைக் கூட்டிப்போனால் நாற்பது வீடு ஒளிய ஆரம்பிக்கிறது.

நானும் யோக்கியன் இல்லை. சில வருடம் முன்பு என் பைக் காணாமல் போனபோது, கேட்ட போலீஸ்காரரிடம் "பழைய பேப்பர் பொறுக்க ரெண்டு பேர் வந்தாங்க" என்று சொன்னேன். இரண்டு ராத்திரி ஒரு பையனை வைத்திருந்தார்கள். பைக்கை எடுத்துப்போனது என் மச்சான், சொல்லாமல். அதனால் முதல் வேலை நம்முடையது: பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், யாராக இருக்கும் என்று நீங்களே முடிவுகட்டிச் சொல்லாதீர்கள்.

சரி, குடியிருப்பில் செய்ய வேண்டியது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி எழுதத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். யாரைக் கூட்டிப்போனாலும், அடிக்காமல் ஒரு மணி நேரத்தில் விட்டாலும், அதில் ஏற வேண்டும்: தேதி, மணி, வண்டி நம்பர், பெயர்ப் பட்டையில் இருந்த பெயர், என்ன சொல்லிக் கூட்டிப்போனார்கள், யார் பார்த்தார்கள், எப்போது திரும்பினார், உடம்பில் என்ன காயம். பாகூர், முள்ளோடை மாதிரி எல்லை ஊராக இருந்தால் சிவப்புத் தொப்பியா காக்கித் தொப்பியா என்பதும் முக்கியம். சிவப்பு என்றால் புதுச்சேரி போலீஸ், மனு போக வேண்டிய இடமே வேறு. மஃப்டி என்றால் இரண்டு பக்கமும் கேட்டு அலைய வேண்டியதுதான். ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனுவுக்கு மட்டும் தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் ஒரே சென்னை உயர் நீதிமன்றம்.

கேட்க வேண்டியவை அதிகமில்லை. பெண்களையும் 15 வயதுக்குக் குறைந்தவர்களையும் 60 தாண்டியவர்களையும் சாட்சியாக விசாரிக்க ஸ்டேஷனுக்குக் கூப்பிடக்கூடாது, வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். கைது என்றால் கைதுக் குறிப்பு எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, சொந்தக்காரருக்குச் சொல்லி, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996லேயே சொன்னது இது. "கைதே பண்ணலையே" என்பார்கள். அந்த இடத்தில்தான் நோட்டு பேசும்.

முன்பெல்லாம் ஆளைத் தூக்கியதும் கலெக்டருக்குத் தந்தி அடிப்பார்கள். நேரம் பதிவாகிவிடும், பின்னால் "அன்றைக்கு அவர் இங்கே வரவே இல்லை" என்று சொல்ல முடியாது. 2013இல் தந்தியை நிறுத்திவிட்டார்கள். இப்போது எஸ்.பி. அலுவலகத்துக்கு ஈமெயிலும் ஸ்பீடு போஸ்ட்டும் அனுப்பி ரசீதை நோட்டில் ஒட்டுங்கள். 15100க்குப் போன் போட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழு, எஸ்.சி., எஸ்.டி., பெண்கள், காவலில் இருப்பவர்கள் என்றால் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல். ஸ்டேஷன் கேமரா பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதை அழிக்காமல் வைக்கச் சொல்லி மனுவில் ஒரு வரி கட்டாயம் சேருங்கள். மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

1993இல் கம்மாபுரத்தில் நடந்த ராஜாக்கண்ணு வழக்கு இந்த மாவட்டத்தில் பலருக்கும் தெரியும். விசாரணைக்குப் போனவர் தப்பி ஓடிவிட்டார் என்றது போலீஸ். அவர் மனைவி ஆட்கொணர்வு மனு போட்டு விடாமல் நின்றதால்தான் அது காவல் மரணம் என்று வெளியே வந்தது.

சாதிச் சான்றிதழ் இல்லாமல் எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் போடச் சொன்னால் இழுத்தடிப்பார்கள், அதனால் பிரச்சினை இல்லாத நாளிலேயே வாங்கி வையுங்கள். புதுச்சேரியில் இருளர் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்ததே 2016 டிசம்பரில்தான், தமிழ்நாட்டில் நரிக்குறவர் 2023 தொடக்கத்தில். பழைய சான்றிதழ் வேறு பிரிவில் இருந்தால் புதிதாக விண்ணப்பியுங்கள்.

இன்னொன்று, நோட்டைக் குடியிருப்பிலேயே வைக்காதீர்கள், சோதனை என்று வந்தால் முதலில் போவது அதுதான். மாதம் ஒருமுறை ஜெராக்ஸ் எடுத்து நம்பிக்கையான டீச்சர் வீட்டிலோ வக்கீலிடமோ கொடுத்துவிடுங்கள். என்னிடம் ஒரு ஊர்க்காரர்கள் கொடுத்தது மூன்றாவது நோட்டு.